சேற்றுக்குள் மிட்ஜெட்

தேநீர் இடைவேளையில், கூட வேலை செய்கிற நேசமலர் தன் கைபேசியை மேனுகாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது உங்கடை வீட்டுக்காரற்றை கார்தானே? இப்பதான் போட்டிருக்கிறாங்கள். என்ன வடிவா எடுத்திருக்கிறாங்கள், பாருங்கோ."

படத்தில் பூநகரிக் கடல்நீரேரி காலை வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தது. பச்சை நிறப் பழைய எம்.ஜி. மிட்ஜெட் கார் முன்சில்லுகள் பாதி மூழ்க நீருக்குள் நின்றது. அதன் முன்மூடியான பொனற்றில், சிவப்புப் பட்டுச் சேலையும் குதி உயர்ந்த செருப்புமாக, கால்மேல் கால் போட்டு இருந்தவள் லக்சிகா. மேனுகாவின் புருசன் செந்தூரனுடைய தங்கச்சி. அவளுக்குப் பக்கத்தில் கோட் போட்டுச் சாய்ந்து நின்றவன் அவளைக் கட்டப்போகிற கிருபன்.

மேனுகாவுக்கு முதலில் வந்தது கோபமல்ல, பயம். அந்தக் காரில் பிரேக் இல்லை.

"வீட்டுக்காரற்றை கார் இல்லை" என்றாள், கோப்பையை வைத்துவிட்டு. "என்ரை கார்."

நேசமலர் ஏதோ பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெசின்களைத் திருத்துகிற வேலை மேனுகாவுக்கு. அந்தக் காரை அவள் கண்டது வவுனியாவில், ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால். இருக்கையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கூரையென்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு லொறியில் ஏற்றி வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்து, வீட்டின் பக்கத் தாழ்வாரப் பத்தியில் விட்டு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடிந்த பின்னேரங்களிலும் கழற்றிக் கழற்றிப் பூட்டினாள். எஞ்சின் பழைய மொறிஸ் மைனர் கார் எஞ்சினோடு கூடப் பிறந்தது என்பதால் பாகங்கள் கிடைத்தன. கிடைக்காததற்கு மாற்றுச் செய்தாள். வன்னி வெயிலுக்கு அந்த இங்கிலாந்துக் காற்றாடி போதாமல் எஞ்சின் கொதித்தது. சின்ன இந்தியக் கார் ஒன்றின் மின்விசிறியைப் பூட்டினாள். ஊர்க் கிரவல் ரோட்டில் காரின் வயிறு தட்டியதால் ஸ்பிரிங் வில்லுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினாள். கியர்பெட்டியை எடுத்துவிட்டு டட்சன் ஒன்றின் ஐந்து கியர்ப் பெட்டியை வைத்தாள்.

வீதியால் போகிற பெடியள் நின்று, "செந்தூரன் அண்ணை, கார் சுப்பர்!" என்பார்கள். செந்தூரன் வாசலில் நின்று, "ஓமடா, கொஞ்சம் கொஞ்சமாச் செய்யிறம்" என்பான். காருக்குக் கீழே படுத்திருக்கிற மேனுகாவின் கால்கள் அப்போதும் வெளியே தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

அவள் செந்தூரனுக்கு அழைப்பெடுத்தாள்.

"கார் எங்கை நிக்குது?"

"வீட்டிலைதான். ஏன்?"

அவனுடைய குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. யாரோ சிரித்தார்கள். "இன்னொண்டு, இன்னொண்டு, அப்பிடியே பாருங்கோ" என்று ஒருவன் கத்துவதும் கேட்டது.

மேனுகா அழைப்பைத் துண்டித்தாள். மேற்பார்வையாளரிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

பரந்தன் சந்தியில் இடப்பக்கம் திரும்பியதும் ரோட்டு வெறிச்சோடியது. இரண்டு பக்கமும் வயல். மாசி அறுவடை, வெட்டு மெசின்கள் தூசி கிளப்பிக்கொண்டு நின்றன. பயம் இப்போது மெல்ல மெல்லக் கோபமாகிக்கொண்டு வந்தது.

பழைய பிரேக்கை எடுத்துவிட்டு முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் பூட்டியிருந்தாள். பூட்டிவிட்டாள், ஆனால் வேலை முடியவில்லை. பிரேக் எண்ணெய்க் குழாய்களுக்குள் நிற்கிற காற்றை வெளியில் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பெடலை மிதித்தாலும் பிடிக்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பெடலை மிதிக்க, மற்றவர் சில்லடியில் படுத்துக் குழாய்வாயைத் திறந்து மூடவேண்டும். "வந்து ஒருக்கா மிதியுங்கோ" என்று செந்தூரனை எத்தனை தரம் கேட்டிருப்பாள். ஒரு ஞாயிறு கிரிக்கெட். மற்ற ஞாயிறு அவனுடைய உரக்கடைக்குச் சாமான் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு முதுகு நோ. கடைசியில் ஒரு மட்டையில் 'பிரேக் இல்லை' என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிட்டாள். அந்த மட்டையைக் கழற்றாமல் யாரும் காரைத் திருப்பியிருக்க முடியாது.

மிதிக்க நேரமில்லாதவனுக்குக் கழற்ற நேரம் இருந்திருக்கிறது. அவள் ஸ்கூட்டரை முறுக்கினாள்.

நீரேரிக் கரையில் ஒரு வானும் இரண்டு மோட்டார்சைக்கிள்களும் நின்றன. கார் படத்தில் இருந்ததைவிட ஆழமாய் இறங்கியிருந்தது. லக்சிகா இன்னும் பொனற்றில்தான். செந்தூரன் கரையில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மேனுகாவைக் கண்டதும் அந்தக் கை கீழே விழுந்தது.

அவள் அவனிடம் போகவில்லை. நேரே காரை நோக்கி நடந்தாள்.

"அக்கா, கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ" என்றான் படம் பிடிக்கிறவன். "படத்துக்குள்ளை வாறியள்."

"வருவன்" என்றாள் மேனுகா.

சேற்றில் சில்லுத் தடம் கிடந்தது. ரோட்டிலிருந்து அணைக்கட்டைத் தாண்டி, புல்லைக் கிழித்துக்கொண்டு, ஒரே நேராக நீருக்குள் இறங்கியிருந்தது. படத்துக்காக ஒருவன் காரை இப்படி இறக்கமாட்டான். தடத்துக்குப் பக்கத்தில் மதகுக் கல். கல்லின் விளிம்பில் பச்சைப் பெயின்ற். காரின் இடப்பக்கக் கண்ணாடி கல்லடியில் நொறுங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தால் கண்ணாடி அல்ல, முன்பக்கமே கல்லில் மோதியிருக்கும். அந்தப் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கக்கூடியவள் லக்சிகாதான்.

"தம்பி, கார் எப்பிடி உதுக்குள்ளை போனது?"

கிருபன் வெட்கத்தோடு சிரித்தான். "சின்ன விளையாட்டொண்டு நடந்துபோச்சு அக்கா. திருப்பத்திலை பெடல் அடிவரைக்கும் போயிட்டுது. செந்தூரன் அண்ணை முதலே சொன்னவர், ரெண்டு மூண்டு தரம் மிதிச்சுப் பிடி எண்டு. அந்த நேரம் மறந்திட்டன். நல்ல காலம், சேறு நிப்பாட்டினது."

"நான் கத்தின கத்து மச்சாள்!" என்று லக்சிகாவும் சிரித்தாள். "பிறகு பாத்தா, தண்ணிக்குள்ளை நிக்கிறதுதான் படத்துக்கு வடிவு எண்டிட்டார் கமராக்காரர்."

மேனுகா திரும்பினாள். செந்தூரன் கிட்ட வந்திருந்தான்.

"வீட்டை போய்க் கதைப்பம்" என்றான் மெதுவாக.

"கார் வீட்டிலை நிக்குது எண்டு சொன்னனீங்கள்."

"உனக்கு வேலைத்தலத்திலை ரென்சன் வரக்கூடாதெண்டுதான். இவள் கெஞ்சிக் கேட்டவள், மேனுகா. கலியாணம் வருது. இல்லையெண்டு சொல்ல ஏலுமே?"

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் நீ விடமாட்டாய்."

"ஏன் விடமாட்டன்?"

அவன் செருப்பில் ஒட்டிய சேற்றை நிலத்தில் தேய்த்தான்.

"சொல்லுங்கோ. நான் ஏன் விடமாட்டன்?"

"சனத்துக்கு முன்னாலை கத்தாதை."

"சனத்துக்கு முன்னாலைதானே உங்கடை கார் எண்டு சொல்லித் திரியிறியள். சனத்துக்கு முன்னாலைதான் கேக்கிறன். நான் ஏன் விடமாட்டன்?"

செந்தூரன் தண்ணீரைப் பார்த்தான். "பிரேக் இல்லையெண்டு" என்றான்.

படம் பிடிக்கிறவன் கமராவை இறக்கினான். லக்சிகா பொனற்றிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கினாள். பட்டுச் சேலை முழங்கால் வரை நனைந்தது. அவள் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, தெரிஞ்சுகொண்டே எங்களை ஏத்திவிட்டனீங்கள்?"

"இல்லவே இல்லையெண்டு இல்லை. மிதிச்சால் கொஞ்சம் பிடிக்கும். மெதுவாப் போகச் சொன்னனான்தானே."

"பிரேக் இல்லையெண்டு சொன்னனீங்களே? எனக்குச் சொன்னனீங்களே? இவருக்குச் சொன்னனீங்களே?"

கிருபனின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் வெளிறிப் போயிருந்தது. அவன் திரும்பி மதகுக் கல்லைப் பார்த்தான். அதை இப்போதுதான் முதன்முதல் காண்கிறவன் போலப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மேனுகா செந்தூரனுக்கு நேரே வந்து நின்றாள்.

"ஒரு சொல்லுத்தான் சொல்லியிருக்கோணும். கார் மேனுகான்ரை, அவவிட்டைக் கேளுங்கோ எண்டு. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லை. அதைச் சொல்லாமல் இருக்கிறதுக்காகக் கூடப்பிறந்தவளைப் பிரேக் இல்லாத காரிலை ஏத்தி விட்டிருக்கிறியள். என்ன மனிசன் நீங்கள்?"

அவன் பதிலுக்கு வாயைத் திறந்தான். லக்சிகா, "நீங்கள் பேசாதேங்கோ அண்ணா" என்றாள்.

பக்கத்து வயலில் மெசினை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பிய வெட்டு மெசின்காரர் ஒருவர் ரோட்டில் லொறியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். மெசின் ஏற்றுகிற அந்தத் தாழ்ந்த தட்டு லொறியில் சறுக்குப் பலகை இருந்தது. மேனுகா போய்க் கேட்டதும், "வட்டக்கச்சிப் பக்கம்தான் போறன் பிள்ளை, ஏத்துவம்" என்றார்.

லொறியால் இழுக்கக் கயிறு கட்டுவதற்கு அவள் சேற்றில் மல்லாந்து படுத்துக் காரின் பின்பக்கத்துக்குக் கீழே நுழைந்தாள். தொழிற்சாலைச் சட்டை, தலைமயிர் எல்லாம் உப்புச் சேறு. கிருபன் கோட்டைக் கழற்றி வானுக்குள் எறிந்துவிட்டு வந்து தள்ளினான். லக்சிகா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மற்றப் பக்கம் தோள் கொடுத்தாள். படம் பிடிக்கிறவனும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். செந்தூரனும் வந்து ஒரு பக்கம் கை வைத்தான். கார் ஒரு பெரிய உறிஞ்சற் சத்தத்தோடு சேற்றை விட்டு வந்தது. கதவடியால் அழுக்குத் தண்ணீர் ஊற்றியது.

காரை லொறியில் இறுக்கிக் கட்டியபின் செந்தூரன் முன்னுக்கு ஏறக் காலை வைத்தான்.

"இறங்குங்கோ" என்றாள் மேனுகா. "ஸ்கூட்டரைக் கொண்டு வாங்கோ. அதுக்குப் பிரேக் இருக்கு."

லக்சிகா அவளோடு ஏறினாள். லொறிக்காரர் வானொலியைப் போட்டு, இருவர் முகத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டு, நிறுத்திவிட்டார்.

"மச்சாள், எனக்கும் ஏசுங்கோ" என்றாள் லக்சிகா. "நானும் உங்களிட்டைக் கேக்கேல்லை."

"ஓம். உன்னிலையும் கோவம்தான்."

"நீங்கள் அதுக்குக் கீழை படுத்துக் கிடக்கிறதை எத்தினை தரம் கண்டனான். தேத்தண்ணி கூடக் கொண்டுவந்து தந்திருக்கிறன். அப்பவும் அண்ணான்ரை கார் எண்டுதான் நினைச்சன்."

மேனுகா பக்கவாட்டில் அவளைப் பார்த்தாள். கண்ணுக்கு இட்ட மை கன்னம் வரை வழிந்திருந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது. சொல்ல மனம் வரவில்லை. லக்சிகாவின் மடியில் கிடந்த அவளுடைய கையை மட்டும் ஒருதரம் இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டாள்.

வட்டக்கச்சியில் லொறி வந்து நின்றபோது அயல்வீட்டுப் பரமலிங்கம் வேலிக்கு வந்துவிட்டார். செந்தூரன் ஸ்கூட்டரில் முன்னரே வந்து வாசலில் நின்றான்.

"என்ன செந்தூரன், காருக்கு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை அண்ணை. பழைய கார்தானே. பிரேக் பெயிலாப் போச்சு."

சறுக்குப் பலகையில் காரை இறக்கிக்கொண்டிருந்த மேனுகா கயிற்றை விடாமலே தலையைத் திருப்பினாள்.

"பிரேக் பெயிலாகேல்லை, பரமலிங்கம் அண்ணை. நான் பிரேக்கைக் கழட்டி வேலை செய்துகொண்டிருந்தனான். பிரேக் இல்லையெண்டு எழுதியும் வைச்சனான். அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு இவர்தான் தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் ஏத்தி விட்டவர். ரெண்டு பேரும் சாகப் பாத்தவை. கார் என்ரை. பழுதாக்கினது இவர். ஆரும் கேட்டால் இப்பிடியே சொல்லுங்கோ."

பரமலிங்கம் மேனுகாவைப் பார்த்தார், செந்தூரனைப் பார்த்தார். "ஓம் பிள்ளை" என்றார்.

செந்தூரன் அடுப்படிக் குசினிப் பக்கத்தால் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் ஒரு வாளி தண்ணீரோடு திரும்பி வந்தான். "கழுவட்டே?" என்றான். உண்மையாகவே கேட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"வாளியை வைச்சிட்டுப் போங்கோ. இண்டைக்கு உங்கடை கை இதிலை படக்கூடாது. நாளைக்கும் படக்கூடாது. எப்ப படலாம் எண்டு நான் சொல்லுவன்."

அவன் வைத்துவிட்டுப் போனான்.

உப்பைக் கழுவ ஒரு நிமிடமும் பிந்தக்கூடாது. கிணற்றுக் குழாயை இழுத்து லக்சிகா காருக்குத் தண்ணீர் அடித்தாள். மேனுகா எஞ்சினுக்குக் கீழே தாச்சிச் சட்டியை வைத்துவிட்டு நுழைந்து, எண்ணெய் வடிக்கிற ஆணியைத் திருகினாள். கறுப்பாய் வரவேண்டிய எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் ஒழுகியது. உள்ளே தண்ணீர் போயிருந்தது. எஞ்சினைத் திரும்பவும் இறக்கிப் பிரிக்கவேண்டும், முதலிலிருந்து.

காருக்குக் கீழே படுத்தபடி மேனுகா ஒரு தூசணம் சொன்னாள். அவளுடைய வாயிலிருந்து லக்சிகா ஒருநாளும் கேட்டிராத சொல். தாச்சி நிறைந்துகொண்டு வந்தது. லக்சிகா குழாயை நிலத்தில் போட்டுவிட்டு இன்னொரு பாத்திரம் எடுக்கக் குசினிக்கு ஓடினாள்.