ஐந்தாம் நம்பர் வண்டியின் இடது முன்சக்கரம்

“அடிச்சேன்னு சொல்றேன்ல அண்ணி, திங்கக்கிழமை காலைல இருபத்தெட்டு சக்கரத்துக்கும்...”

“அடிச்சா எப்படிடி இறுகும்? கிரீஸ் இருக்கற சக்கரம் ஓடற வண்டியில அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்குமா?”

“அதத்தான் நானும் கேக்கறேன்...”

“நீ யாரைக் கேக்கறே? நான் உன்னைக் கேக்கறேன். கிரீஸ் அடிக்கறது உன் வேலை. என் தம்பி என்ஜின் பாப்பான், பிரேக் பாப்பான். சக்கரம் உன் பொறுப்பு. இல்லைன்னு சொல்லு பாப்போம்.”

இல்லை என்று சொல்ல முடியாது. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைபேசியை எடுத்து மணி பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டார். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால்தான் ஓடுதளம். குழந்தைகள் ஏறி ஓட்டுகிற குட்டி ரேஸ் வண்டிகள் ஏழு. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பதினைந்து வருஷமாய் நடத்தியது. கதவு திறக்குமுன் ஒவ்வொரு வண்டியையும் அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடுவார். நேற்றுக் காலை ஐந்தாம் நம்பர். இரண்டாவது வளைவில் இடது முன்சக்கரம் இறுகியது. வண்டி சுழன்று அவரைச் சிமெண்ட் விளிம்பில் எறிந்தது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. போலீஸ் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

“கோவத்துல அரைகுறையா அடிச்சிருப்பே” என்றாள் நாத்தனார். அவருக்குப் பதினொரு வயசு மூத்தவள், அவரைத் தூக்கி வளர்த்தவள். “அதான் நாலு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருந்தியே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? போன் பண்ணா பாதி நேரம் அதைத்தான் சொல்லிப் புலம்புவான்.”

“கோவம் அவர் மேல. சக்கரத்து மேல இல்ல.”

“ரெண்டுக்கும் ஒரே கைதானே.”

அவர் பெண்டாட்டி எழுந்தாள்.

“எங்க போறே?”

“ஷெட்டுக்கு. கழட்டிப் பாக்கறேன்.”

“போ, போ. போய்த் துடைச்சு வெச்சிடு, யார் கண்ணுலயும் படாம.”

“நீங்களும் கூட வாங்க.”

“அந்த வண்டியை நான் பாக்க மாட்டேன்” என்றாள் நாத்தனார். குரல் அங்கேதான் முதல்தடவையாக உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்து அவளை முறைத்தாள்.

அவள் நடந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது கோபத்தால் மட்டும் இல்லை. திங்கட்கிழமை நடுவில் ஒரு போன் வந்தது. கிரீஸ் அடிக்கிற கன்னைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்து எந்தச் சக்கரத்தில் ஆரம்பித்தாள்? ஐந்தாம் நம்பரின் இடது முன்சக்கரமா, அதற்கு அடுத்ததா? ராத்திரி முழுக்க நினைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. அந்த போனைப் பண்ணியது நாத்தனார்தான். அதை அவள் முன்னறையில் சொல்லவில்லை.

பின்னாலேயே லேத்காரர் வந்தார். அடுத்த தெருவில் பட்டறை. இவர்கள் வண்டிகளுக்கு அச்சு கடைந்து கொடுப்பவர், அவருக்குக் கூட்டாளி.

“தங்கச்சி, இப்ப வேண்டாம்மா. எல்லாம் முடியட்டும்.”

“முடிஞ்சப்புறம் யாருக்குண்ணே? பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எடுங்க.”

சின்ன ரிம்தான், இரண்டு உள்ளங்கை அகலம். நடுவில் வயிறு மாதிரி ஒரு குடம். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேரிங். குடத்தில் பட்டாணி அளவு கிரீஸ் நிப்பிள். கன்னின் வாயை அதில் கவ்வ வைத்து அடித்தால் புதுக் கிரீஸ் பழையதைத் தள்ளிக்கொண்டு பேரிங் குண்டுகளுக்கு நடுவே புகுந்து வெளியே பிதுங்க வேண்டும். அடிக்கும்போது ஒருவர் சக்கரத்தை மெதுவாகத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பக்கம் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு பேர் வேலை அது. அவள் அடிப்பாள், அவர் திருப்புவார். வெளிப்பக்கம் தூசி மூடி இருக்கும். கிரீஸ் பிதுங்குவது வண்டிப் பக்கம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் அவருக்குத்தான் தெரியும். “வந்துடுச்சு” என்பார். அவள் நிறுத்துவாள்.

நட்டு சுலபமாகக் கழன்றது. சக்கரம் வரவில்லை. லேத்காரர் மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினார். கடைசியில் சிணுங்கிக்கொண்டே அச்சை விட்டு வந்தது. வெளிப்பக்கப் பேரிங்கைத் தட்டி எடுத்ததும் அவள் குடத்துக்குள் விரலை விட்டாள்.

விரல் முழுசும் புதைந்தது. புதுக் கிரீஸ், வழிய வழிய.

“இருக்கு” என்றாள். “அண்ணே, நிறைஞ்சிருக்கு. பாருங்க. நான் அடிச்சிருக்கேன்.”

லேத்காரர் பார்க்கவில்லை. உள்பக்கப் பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் அதை வாங்கினாள். இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் மூடி. ஒரு பக்கத்து மூடி கிழிந்து, உள்ளே குண்டுகள் நசுங்கி, துருப்பொடி அவள் உள்ளங்கையில் கொட்டியது.

“இவ்வளவு கிரீஸுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு இது ஏன் காஞ்சு கிடக்கு?”

அவர் சுத்தியலை எடுத்து ஓரமாக வைத்தார்.

“அண்ணே.”

“இது மூடி போட்ட பேரிங்மா. கம்பெனில என்ன வெச்சு மூடினாங்களோ அதோட சரி. வெளியிலேர்ந்து ஒரு பொட்டு போகாது. தேஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற போடணும். நீங்க தண்ணி அடிச்சுக் கழுவறீங்கல்ல, அது கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு.”

“அப்ப நிப்பிள் எதுக்கு?”

“பழைய ரிம் வார்க்கற மோல்டுலயே இதையும் வார்த்திருப்பான். அது சும்மா இருக்கு.”

“சும்மா.”

“ஆமாம்மா.”

இந்த ரிம்களால்தான் சண்டையே. பழைய ரிம்முக்கே பேரிங் மாற்றிக்கொள்ளலாம், கண்டதை வாங்காதீங்க என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். ஒருநாள் அவள் கடைக்குப் போய் வந்தபோது புது ரிம் இருபத்தெட்டும் மாட்டியிருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு மேஜை மேல் இருக்கும், பேச்சு இருக்காது.

“அவருக்கு இது தெரியுமா?”

லேத்காரர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“முதல் வாரமே கொண்டாந்து காட்டினாரு. மழைக்கு முன்னாடி மொத்தமும் மாத்திடறேன்னாரு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லுங்கன்னுதான்மா சொன்னேன்.”

“பதினாறு திங்கக்கிழமைண்ணே. தோள்பட்டை விட்டுப்போக அடிச்சிருக்கேன். எதிர்ல உக்காந்து வந்துடுச்சு, வந்துடுச்சுன்னாரே. எது வந்துச்சு? மனுஷன் வாய்கூசாம...”

“சொன்னா அடிக்க வர மாட்டா. அடிக்க வரலைன்னா என்கிட்ட பேச அவளுக்கு வேற வேலையே இல்லன்னாரு.” லேத்காரர் சுத்தியலிடம் சொல்வதுபோல் சொன்னார். “அந்த ஒரு மணி நேரந்தான் எதுவோ பேசறான்னாரு.”

என்ன பேசினாள்? திருப்புங்க. மெதுவா. தலையை எடுங்க, வெளிச்சம் மறைக்குது. கண்ணு பொடனியிலயா இருக்கு. அவ்வளவுதான். போன மாதம் ஒரு தரம் அவர், “நேத்து ஏழாம் நம்பர்ல ஆசைக்கு ஏறின குண்டு அப்பா ஒருத்தரால இறங்கவே முடியல. சீட்டோட வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு அனுப்பிடுங்கன்னேன்” என்றார். கோபமாய் இருப்பது மறந்து சிரித்துவிட்டாள். அப்புறம் நினைவு வந்து, “அடுத்த சக்கரம்” என்றாள்.

அவள் பேரிங்கைத் தரையில் போட்டாள்.

“பேசறதுக்கு இதுவா வழி? வாயில்லையா அவருக்கு? தப்பு பண்ணிட்டேன்டின்னா நான் என்ன தலையையா எடுத்துடுவேன்? ரெண்டு நாள் கத்தியிருப்பேன். கத்தினாலும் அது பேச்சுதானே.” மிச்ச ஆறு வண்டிகளும் வரிசையாக நின்றன. “ஞாயித்துக்கிழமை இதுல பிள்ளைங்க ஏறிச்சுண்ணே. ஆறு வயசு, ஏழு வயசு. நான்தான் பெல்ட்டு மாட்டிவிட்டேன். கிரீஸ் அடிச்ச வண்டின்னு நம்பி மாட்டிவிட்டேன்.”

வாசலில் ஆஸ்பத்திரி வண்டிச் சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. நாத்தனார் ஓவென்று அழுவது பின்பக்கம் வரை வந்தது.

“கையைக் கழுவிட்டுப் போம்மா.”

அவள் கழுவவில்லை.

முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலையில் சுற்றிய வெள்ளைத்துணி அவரை வேறு யாரோ மாதிரி காட்டியது. நகக்கண்ணில் மட்டும் கறுப்பு. ஆஸ்பத்திரியில் எவ்வளவு கழுவியும் அது போயிருக்கவில்லை. நாத்தனார் அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து இவள் கைகளைப் பார்த்தாள்.

“பாத்தியா? உள்ள என்ன இருந்துச்சு?”

கூடியிருந்தவர்கள் அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

லேத்காரர் செருமினார். “அக்கா, தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல. விஷயம் என்னன்னா...”

“அண்ணே, நீங்க சொல்லாதீங்க” என்றாள் அவள்.

“ஏன், அவரு சொன்னா என்ன? உனக்குச் சொல்ல வாய் வரல, அவரும் சொல்லக் கூடாதா?” நாத்தனாரின் குரல் ஏறியது. “என் தம்பி எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரிய வேண்டாமா? என்கிட்ட அவன் ஒண்ணையும் மறைச்சதில்ல. நீ மறைக்கறே.”

அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கிரீஸ் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த முகத்தையே பார்த்தாள், பதில் வாங்காமல் விடப்போவதில்லை என்பதுபோல்.

“எந்திரிங்க” என்றாள். “எந்திரிச்சு உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க.”