ஒன்பது பாயிண்டில் ஷோபா

கட்டிங் மெஷினிலிருந்து கடைசிக் கட்டு வெளியே வந்த பிறகுதான் விஜயராஜ் ஓர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தான். முதலில் வந்தது சந்தோஷம்தான். அட, நம்ம எழுத்து மாதிரியே இருக்கிறதே! அடுத்த நொடியில், அது தன் எழுத்தேதான் என்பதும், அட்டை அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் மத்தியாஸின் மனைவி ஞானசெல்வியின் முப்பதாம் நாள் பூசைக்கானது என்பதும் சேர்ந்து உறைத்தன. முந்நூறு அட்டை. முந்நூறிலும் அந்த அம்மாளின் படத்துக்குக் கீழே 'அமைதியில் இளைப்பாறுக' என்ற சொற்கள், கல்யாண மண்டபத்துப் பிள்ளைகள் மாதிரி ஒன்று மேலே ஒன்று கீழே குதித்துக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். மூன்று வருடமாக அவன் ஒரு தமிழ் எழுத்துரு வரைந்துகொண்டிருந்தான். சொந்தமாக, ஒவ்வொரு வளைவாக. அதைப் பழைய கோப்புகளில் போட்டுப் பார்க்கும் ஆசையில் போன வாரம் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தான்: அச்சகம் பதினைந்து வருடமாகப் பயன்படுத்தும் எழுத்துருவின் பெயரையே தன் எழுத்துருவின் ஒரு பிரதிக்கும் வைத்து, பழையதைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டான். எந்தக் கோப்பைத் திறந்தாலும் அவன் எழுத்து. கோயில் நோட்டீசும் அவன் எழுத்து, ரசீதுப் புத்தகமும் அவன் எழுத்து. அரைமணி நேரம் ராஜா மாதிரி உட்கார்ந்து பார்த்துவிட்டு, பழையதை மறுபடி மாட்டிவிடுவான். இன்று மத்தியானம் சூரை மீன் குழம்பு. சாப்பிட்ட கையோடு பழையதை மாட்ட மறந்து, நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டான். காலையில் பழைய எழுத்தில் எடுத்த ப்ரூஃபில் மத்தியாஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததால், முதலாளி குருநாதன் கோப்பைத் திறந்து நேரே அச்சுக்குப் பிளேட் போட்டுவிட்டார்.

"அண்ணே, இதைப் பாருங்க" என்று அட்டையை நீட்டினான்.

குருநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "க்யா ஹுவா, என்ன ஆச்சு? நல்லாத்தான இருக்கு. பூப் போட்ட மாதிரி."

"அண்ணே, இது சாவு அட்டை."

"செத்தவங்களுக்கும் பூதானடா போடறோம்? சலேகா, விடு."

'சலேகா' என்ற அந்தச் சொல்லைத்தான் மூன்று வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஓடும், போதும், விடு. எழுத்தைப் பார்த்த யாரும் அவனிடம் வேறெதுவும் சொன்னதில்லை. மின்னி பே பக்கத்து ஓட்டல்காரர் மெனு கார்டுக்கு வாங்கிக்கொண்டு 'படியா ஹை', பிரமாதம் என்றார். அடுத்த மாதம் கார்டு ஹிந்திக்கு மாறிவிட்டது. மச்சான் பிரவீன்குமார் தன் மகளின் காதுகுத்து அழைப்பிதழைப் பார்த்து 'சூப்பர் மாமா' என்றான். பிறகு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் போன் செய்து விலாசம் கேட்டுத்தான் வந்தார்கள். தீவைத் தாண்டி மெயின்லேண்டில் எழுத்துரு வெளியிடும் ஒரு நிறுவனத்துக்கு மாதிரிப் பக்கங்கள் அனுப்பினான். 'உங்கள் எழுத்தில் ஒரு துள்ளல் இருக்கிறது, தொடர்ந்து முயலுங்கள்' என்று பதில் வந்தது. அது சம்மதமா, கைகழுவலா? லம்பா லைனில் தன் வீட்டு மொட்டைமாடியில் நடந்துகொண்டே அந்த ஒரு வரியை இருபது தடவை படித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. 'உன் எழுத்து உருப்படாது' என்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பான். எல்லாரும் நல்லாருக்கு என்றே சொல்லி அவனை நடுக்கடலில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

மனைவியிடம் கேட்க முடியாது. அதற்குக் காரணம் அவனேதான். எழுத்துருவுக்கு அன்போடு அவள் பெயரையே, 'ஷோபா' என்று வைத்தான். அதுவரை சரி. பிறகு அதில் மெல்லியது, சாதா, தடித்தது, படு தடித்தது என்று வகைகள் வரைந்தான். ஒருநாள் டீ கொண்டுவந்தவள் திரையில் 'ஷோபா எக்ஸ்ட்ரா போல்ட்' என்று இருந்ததைப் படித்துவிட்டு, டீயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து எதைக் காட்டினாலும், "நான்தான் குண்டு, என் எழுத்தாவது ஒல்லியா இருக்கட்டும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மறுநாள் காலை அட்டைகளை வாங்க மத்தியாஸ் வந்தார். படகு இன்ஜின் பழுது பார்க்கும் மனிதர், விரல் ரேகைகளில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியிருந்தது. அட்டையில் கறை பட்டுவிடக்கூடாதென்று சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு தம்பி."

"எழுத்து எப்படிண்ணே இருக்கு?"

"எழுத்து..." என்று இன்னொரு தடவை பார்த்தார். "இருக்கு."

விஜயராஜ் நடந்ததைச் சொன்னான். ஐவரி அட்டை அத்தனையும் தீர்ந்துவிட்டது, சென்னையிலிருந்து கப்பல் அடுத்த வாரம்தான் வரும், பூசையோ நாளைக்கு. சாதாத் தாள் கட்டுக்கட்டாக அலமாரியில் இருந்தது. அதில் பழைய எழுத்தில் ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடலாம். அதைச் சொல்ல வாய் திறந்தவன், சொல்லாமல் மூடிக்கொண்டான். முந்நூறு பேர். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அவன் எழுத்தைக் கையில் பிடித்து வாய்விட்டுப் படிக்கப்போகிறார்கள். எந்த எழுத்துருக்காரனுக்கு இது வாய்க்கும்? பேராசைக்கு முகம் இருந்தால் அந்த நேரம் அது மீன் குழம்பு சாப்பிட்டு ஏப்பம் விட்ட முகமாக இருந்திருக்கும்.

"பரவால்ல தம்பி" என்றார் மத்தியாஸ். "ஜெபம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பின்பக்கம் மட்டும் எம்மவ ஜாக்குலின் எழுதினது. அவ அம்மையப் பத்தி. சனங்க எல்லாரும் சேந்து சொல்லணும்னு ஆசப்பட்டா." கட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு, "நீங்களும் வாங்க" என்றார்.

சனிக்கிழமை சாத்தாம் படகுத்துறையிலிருந்து பத்து மணி ஃபெர்ரியில் அக்கரைக்குப் போனான். இறங்கி நடக்கும்போதே கோயிலில் பாட்டுச் சத்தம் கேட்டது. கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. மதம் வேறு, எப்போது எழுவது எப்போது உட்காருவது என்று தெரியாததால் முன்னால் இருந்த தடித்த மனிதரைப் பார்த்து, அரை நொடி பின்னால் எல்லாம் செய்தான். எல்லார் கையிலும் அவன் எழுத்து. விசிறிக்கொண்டிருந்தவர்கள் கையிலும் அவன் எழுத்துதான் காற்று வீசியது.

ஜெபம் தொடங்கியது. அத்தனை குரலும் ஒரே கயிற்றை இழுப்பது போலச் சேர்ந்து போயின. எங்கும் தட்டவில்லை, தடங்கவில்லை. விஜயராஜ் காதைக் கொடுத்துக் கேட்டான். பதினொரு நாள் வரைந்த 'ழ' போகிறது. உள்ளே வெற்றிடம் விட்டு, நீர்க்குமிழி மாதிரி அவன் கண்டுபிடித்த புள்ளி போகிறது. ஓடுகிறது, நம்ம எழுத்து ஓடுகிறது! கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையோடு சுற்றிப் பார்த்தான். முன்னால் இருந்த தடித்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்தவர் பீடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெண் மடியில் தூங்கும் பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள். ஒருவர்கூட அட்டையைப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த ஜெபத்துக்கு அட்டை எதற்கு?

பிறகு அட்டைகள் திரும்பின. வரிசை வரிசையாகக் காகிதச் சரசரப்பு. பின்பக்கத்தில் பன்னிரண்டு வரி, ஒன்பது பாயிண்டில், பொடி எழுத்தாக.

முதல் வரி எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். இரண்டாவது வரியில் அட்டைகள் கண்ணுக்கு அருகே வந்தன. மூன்றாவது வரியில் கை நீள, அட்டைகள் தூரப் போயின. நாலாவதில் ஒரு சொல்லை ஆளுக்கொரு விதமாகச் சொல்ல, சில குரல்கள் அங்கேயே நின்றன. திரையில் பெரிதாக வைத்து அவன் ரசித்த குமிழிப் புள்ளிகள் அச்சில் காணாமல் போயிருந்தன. சுழிகள் மசியில் அடைந்து, எது இரண்டு சுழி எது மூன்று சுழி என்று அவனுக்கே தெரியவில்லை. ஐந்தாவது வரியில் இடதுபக்கம் முழுவதும் உதட்டை மட்டும் அசைத்தது. ஏழாவதில் தடித்த மனிதர் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எட்டாவது வரிக்கு ஒரே ஒரு குரல்தான் மிஞ்சியது. முதல் வரிசையில் எழுந்து நின்ற ஜாக்குலினின் குரல். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. எழுதியவள் அவள்தானே. 'காலையில் எங்களுக்கு முன்னே எழுந்த உன் கால் சத்தம்' என்ற வரியைத் தனியாகச் சொன்னாள். அதற்கடுத்த வரியையும் தனியாகச் சொன்னாள். நடுவில் ஒருமுறை, யாராவது வந்து சேர்ந்துகொள்வார்களா என்று பார்ப்பது போல நிறுத்தினாள். யாரும் வரவில்லை. பன்னிரண்டாவது வரி வரை தனியாகவே போய் உட்கார்ந்தாள்.

பூசை முடிந்து ஹாலில் சாப்பாடு. விஜயராஜ் வாசலிலேயே நின்றான். மத்தியாஸ் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "சாப்பிட்டுதான் போகணும். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது தம்பி."

"அண்ணே, யாராலயும் படிக்க முடியல."

"சேச்சே, அப்பிடில்லாம் இல்ல. வெளிச்சம் பத்தல. நம்ம சனங்களுக்கும் கண்ணு அவ்வளவுதான்." அவன் தோளைத் தட்டினார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு."

மனைவியை இழந்த மனிதர் தன்னைத் தேற்றுவதைத் தாங்க முடியாமல் விஜயராஜ் நகர்ந்தான். ஹாலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே ஜாக்குலின் மீந்த அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அழுத முகமில்லை, தூங்காத முகம்.

"நீங்கதான பிரஸ் அண்ணன்?" என்றாள். "ஒண்ணு கேக்கட்டுமா? இத வேற எழுத்துல அடிச்சிருக்க முடியாதா?"

அட்டை தீர்ந்த கதை, கப்பல் கதை எல்லாம் நாக்கின் நுனி வரை வந்தன.

"சாதாப் பேப்பர்ல அடிச்சிருக்கலாம்மா" என்றான். "நான் சொல்லல. எல்லாரும் என் எழுத்தப் படிக்கட்டும்னு இருந்துட்டேன்."

அவள் கட்டுவதை நிறுத்தினாள். "நீங்க வரைஞ்சதா இது?"

"மூணு வருசம்." கேட்கக்கூடாத இடம், கேட்கக்கூடாத ஆள். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. "எப்படி இருக்கு?"

"நல்லா இல்ல" என்றாள்.

விஜயராஜ் நிமிர்ந்தான். அவள் முகத்தில் கோபம்கூடத் தெரியவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"முன்னாடி அம்மா பேரு பெருசா இருக்குல்ல, அது நல்லாருக்கு. அவங்க சிரிக்கிற மாதிரியே இருக்கு. அத மாத்தாதீங்க. பின்னாடி எல்லாம் ஒரே கறுப்பு. நானே எழுதினது, எனக்கே தெரியல."

"எங்கெங்கன்னு சொல்ல முடியுமா?"

அவள் கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவி, தொட்டியின் விளிம்பில் வெயில் படும்படி வைத்தாள். கட்டைவிரல் நகத்தை இரண்டாவது வரியில் அழுத்தினாள். "இங்க." அடுத்த வரியில் இரண்டு இடம். "இங்க. இங்க." அவன் குனிந்தான். ஹாலில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஆத்தி ஹூம், இதோ வரேன்!" என்று கத்திவிட்டு அவள் ஐந்தாவது வரிக்குப் போனாள். ஐவரி அட்டையில் பிறை பிறையாகப் பள்ளங்கள் விழுந்துகொண்டிருந்தன.