முட்டைப் பெட்டியின் பல்பு

புவாகாம் அக்கா வீட்டுக் குளிர்பெட்டி பகலெல்லாம் உறுமும். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அதை என் வீட்டுப் பக்கச் சன்னலோரம் வைத்திருக்கிறாள். வேறெதற்கு?

அவள் என் ஓரகத்தி. பெட்ரோல் ஜெனரேட்டர் கட்டுப்படியாகாமல் இரண்டு வீட்டாரும் அதை விற்றுவிட்டு, ஓடையில் மின்சாரம் எடுக்க ஆளுக்கொரு சின்னச் சுழலியை இறக்கினோம். அதன்பின் மின்சாரத்துக்குச் செலவில்லை. காலையில் இலைதழை அடைப்பை எடுத்துவிட்டால் போதும். ஆனால் கல் வரப்பு ஓடையை இரண்டாகப் பிரிக்கும் இடத்தில், மூத்தவள் என்று அகலமான வாய்க்கால் அவளுக்கு, ஒடுங்கியது எனக்கு. அவள் ஐஸ் விற்கிறாள். நானோ முப்பது வாத்து முட்டைகளை மங்கல் பல்பின் சூட்டில் வைத்துவிட்டு, பெட்டிக்குள் கைவிட்டுக் கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொரிக்க இரண்டே நாள்தான் இருந்தது. குஞ்சுகள் வந்துவிட்டால் நானும் அவள் முன்னால் நிமிர்ந்து நடக்கலாம்.

அன்று அடைப்பெடுக்கும் முறை எனக்கு. வரப்பில் மூன்று கல்லை நகர்த்தினேன். தண்ணீர் என் பக்கம் பாய்ந்தபோது வயிறு குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்தால் பெட்டிப் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆசை அத்தோடு நிற்கவில்லை. எல்லாம் முட்டைக்கே போகட்டும் என்று, என் புருஷன் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்தேன். தண்ணீர் ஏறினால் இன்னும் எதையாவது போட்டு மின்சாரத்தைப் பங்கிட வேண்டும், இருப்பதை அணைக்கவே கூடாது. இந்த ஓடைக்கரையில் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். பெட்டிக்குள் பல்பு வெடித்தது.

வேறு குண்டு பல்பு இல்லை. அடுத்த சந்தைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. நான் துணிகளை எடுத்து மூடிக்கொண்டிருக்கும்போது அக்கா படியேறி வந்தாள். அவள் பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"ஐஸ் பெட்டி நின்னுபோச்சேன்னு ஓடைக்குப் போனேன். மூணு கல்லு எடம் மாறிக் கெடந்துச்சு. எடுத்து வச்சிட்டேன்."

என் கையில் ஒட்டியிருந்த ஓடைப் பாசியை அவள் பார்த்தாள். பிறகு உடைந்த பல்பைப் பார்த்தாள்.

"இங்க வச்சா செத்துப்போயிடும். கொண்டா, எங்க வீட்டு பல்புக்குக் கீழ வைக்கிறேன்."

திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். துணிகளைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போனேன். பாதி வழியில் ஏதோ ஒரு முட்டைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சு கேட்டது.

அக்கா நின்று குனிந்தாள். "வந்துட்டேன்டா கண்ணு," என்றாள்.

அது அவள் குரலுக்கு இன்னொரு முறை கீச்சிட்டது.