வெள்ளிக்கிழமைப் படகு

ஜெபசீலன் குளியலறைக்குள் இருந்தபோது அவனுடைய செல்போன் அடித்தது. திரையில் 'கம்ப்ரசர் பாய்' என்று இருந்தது. ஏசி மெக்கானிக்கின் போனில் ஒரு கம்ப்ரசர் பாய் இருப்பதில் அதிசயம் இல்லை. கம்பெனி அழைப்பாக இருக்கும் என்று நினைத்துச் சுகிர்தராணி எடுத்துக் காதில் வைத்தாள். அவள் ஹலோ சொல்வதற்குள் அந்தப் பக்கத்து ஆள் அவசரமாகப் பேசினான்.

"மாப்ள, நாளைக்குப் படகு ரெடி. ஹாஃப் டே, பிரைவேட்டு. ரெண்டே பேருதான். காலையில கோர்ஃபக்கான்ல நிக்கணும். லேட் பண்ணிறாத."

அவ்வளவுதான். வைத்துவிட்டான். சுகிர்தராணி போனைப் பார்த்தபடி நின்றாள். ஜெபசீலன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், "உங்களுக்குப் போன் வந்துது. எடுக்கதுக்குள்ள கட்டாயிட்டு" என்றாள். அவன் பெயரைப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். ஷார்ஜாவின் ரோலாவில் அந்தப் பழைய கட்டடத்தின் ஒரு ஃபிளாட்டை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டிருந்தன. வீட்டுக்குள் நின்று பேச முடியாத பேச்சு எது இருந்தாலும் வராந்தாதான். திரும்பி வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கும் ஓவர்டைம். எனக்கப் பங்குக்கு நீ பூசை கண்டுட்டு வா" என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அங்கே வார விடுமுறை. காலைப் பூசை முடிந்து கோவில் முற்றத்தில் அவள் பிரைட்டைப் பார்த்தாள். ஜெபசீலனோடு ஒரே கம்பெனியில் வேலை செய்பவன். வெள்ளை சட்டையும் குழந்தையுமாக நிதானமாக நின்றுகொண்டிருந்தான். "உங்களுக்கு மட்டும் ஓவர்டைம் இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவன் விழித்தான். "வெள்ளிக்கிழமை எங்க அக்கா ஓவர்டைம்? கம்பெனி பூட்டில்லா கிடக்கு" என்றான். சொன்ன பிறகுதான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நழுவினான்.

அதன்பிறகு அவளுக்கு எல்லாமே தெரியத் தொடங்கியது. கூரைக்குள், குழாய்களுக்கு நடுவே படுத்து வேலை செய்கிறவனுக்குப் பின்கழுத்து ஏன் இப்படிக் கறுக்கிறது? உதட்டில் ஏன் வெடிப்பு? மற்ற நாட்களில் தூசியோடு வருகிறவன், வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் சோப்பு வாசத்தோடு வருகிறான்? அவள் நர்ஸ். காயத்தை மறைக்க வருகிற ஆட்களைத் தினமும் பார்ப்பவள். தன் வீட்டு நோயாளியை மட்டும் இத்தனை நாள் பார்க்காமல் இருந்திருக்கிறாள். சந்தேகம் வந்த பிறகு அவன் சாதாரணமாக இருமினாலும் அதில் ஒரு பொய் ஒளிந்திருப்பதுபோல் இருந்தது.

அடுத்த அறையில் இருக்கும் ஜலஜாவிடம்தான் சொன்னாள். தக்கலைக்காரி, சுகிர்தராணி வேலை செய்யும் அதே கிளினிக்கில் லேப் டெக்னீசியன். சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வருகிற ஆள்.

"ரெண்டு பேருக்குத் தனிப் படகா? உனக்க மாப்பிள்ளை உன்னை ஒரு தடவை கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரா பிள்ளே?"

"நான்தான் போகமாட்டேன்."

"அப்பம் போறவ எவளோ கிடைச்சிருக்கா."

ஜலஜா சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அது தைத்தது. சுகிர்தராணிக்குக் கடல் ஆகாது. அவளுடைய அண்ணன் பெபின், கன்னியாகுமரிக்கு மேற்கே ஆழ்கடலில் வலை போட்டுவிட்டுப் படுத்திருந்தபோது ஏதோ ஒரு கப்பல் படகை இடித்துவிட்டு நிற்காமல் போனது. எந்த நாட்டுக் கப்பல் என்றுகூடத் தெரியவில்லை. உடம்பு கிடைக்கவில்லை. அதன் பிறகு அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை கடலுக்குப் போகக் கூடாது. ஜெபசீலன் பதினைந்து வயதிலிருந்து கட்டுமரம் ஏறியவன். பங்குச் சாமியார் முன்னால் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, ஐடிஐ படித்து, ஷார்ஜாவுக்கு வந்து ஏசி மெக்கானிக் ஆனான். ஆக, எவளோ ஒருத்திக்காக அவன் சத்தியத்தையும் சேர்த்து உடைத்திருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை.

யோசனை ஜலஜாவுடையது. ஜெபசீலனின் போனிலிருந்து சுகிர்தராணி குறித்துவந்த எண்ணுக்கு, கிளினிக் போனிலிருந்து அவளே பேசினாள். பெயரைப் பானுமதி என்று சொன்னாள். "இந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேணும். ஹாஃப் டே. நாங்க ரெண்டே லேடீஸ்." அந்த ஆள் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டான். படகை நாம் எடுத்துவிட்டால் உனக்க மாப்பிள்ளை வீட்டில்தானே கிடக்கணும், கிடந்தால் அவன் போவது இந்தப் படகுக்குத்தான் என்று தெளிவாகும், போட்டுக்காரனிடம் பேச்சுக் கொடுத்தால் மற்றதும் வெளியே வரும் என்பது ஜலஜாவின் கணக்கு.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையும் ஜெபசீலன் இருட்டிலேயே எழுந்து, ஓவர்டைம் என்று சொல்லிக் கிளம்பிப் போனான். படகு நம் கையில் இருக்கும்போது இவன் எவளோடு எங்கே போகிறான்? டாக்ஸியில் கோர்ஃபக்கானுக்கு, அல் தைத் ஊரைத் தாண்டி, மசாஃபி தாண்டி, மொட்டை மலைகளுக்கு நடுவே போகும்போது சுகிர்தராணி அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். சாலையோரம் தரைவிரிப்புகளைத் தொங்கவிட்ட கடைகளைப் பார்த்து, "திரும்பி வரும்போ ஒண்ணு எடுக்கலாம்" என்றாள் ஜலஜா. கடைசி மலை விலகியதும் கடல் தெரிந்தது. தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள், ஒன்றல்ல இரண்டல்ல, தொடுவானம் முழுக்க வரிசையாக நின்றன. அவள் சட்டென்று முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பிக்கொண்டாள்.

போட்டுக்காரர் பெயர் சதக்கத்துல்லா. கீழக்கரைப் பக்கம். ஐம்பது வயதிருக்கும், மீசைக்கு மட்டும் மை போட்டிருந்தார். "வாங்கம்மா, வாங்க. படகு நம்ம அரபி மொதலாளி, அர்பாபோடது. நாந்தான் ஓட்டுறது. பயப்படாம ஏறலாம். நம்ம ஆளு ஐஸ் எடுக்கப் போயிருக்கான், இந்தா வந்துட்டான்."

மீன் மார்க்கெட் பக்கமிருந்து ஒருவன் தோளில் ஐஸ் பெட்டியோடு வந்தான். அரைக்கால் சட்டை, வெறுங்கால், தலையில் துண்டு. படகுத்துறைச் சுவரிலிருந்து பெட்டியோடு ஒரே தாவலில் படகுக்குள் இறங்கினான். படகு அசையக்கூட இல்லை. பெட்டியை வைத்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்குக் கை கொடுக்க நிமிர்ந்தான்.

ஜெபசீலன்.

ஜலஜாவின் வாயிலிருந்து "அய்யோ" என்று பாதி வந்து நின்றது. சுகிர்தராணிக்குக் கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். படகுக்குள் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. அவன் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு, வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே மரியாதையோடு, "பார்த்து... காலை நடுவுல வைங்க" என்றான்.

அவள் அவன் கையைப் பிடிக்காமலே ஏறினாள். அண்ணன் போன பிறகு முதல் தடவை. இதற்கு மேல் யார் முதலில் வாய் திறப்பது என்பதுதான் பாக்கி. படகு துறையை விட்டு விலகியது.

திறந்தது சதக்கத்துல்லாதான். ஓட்டுகிற சக்கரத்தில் ஒரு கை, காற்றில் மறு கை. "நம்ம ஆளும் உங்க குமரிப் பக்கந்தாம்மா. கடல்ல பொறந்தவன். தண்ணி கலர் மாறுறதைப் பார்த்தே பாறை எங்கன்னு சொல்லிருவான். ஆறு நாளு வேற கம்பெனில வேலை, லீவுக்கு இங்க ஓடியாந்துருவான். வீட்டுக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது?" என்றாள் சுகிர்தராணி.

"பாய், என்ஜின் சத்தம் ஒரு மாதிரி வருது" என்றான் ஜெபசீலன்.

"என்ஜின் நல்லாத்தான் இருக்கு. பொஞ்சாதிம்மா. கடல்னு சொன்னாலே பேய் புடிச்ச மாதிரி ஆடுமாம். மீன் வாடை ஆவாதுன்னு இவன் போறப்ப எல்லாம் என் ரூம்ல சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் போவான். பாவம், கள்ளக் காதல்கூட இவ்வளவு கஷ்டம் இல்ல."

ஜலஜாவுக்கு இருமல் வந்தது. தண்ணீர் பாட்டிலால் வாயை மூடிக்கொண்டாள்.

"போன வெள்ளிக்கிழமை ரெண்டு பேரு வந்தாங்கள்லா, அவங்க யாரு?" சுகிர்தராணி விடவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அது ஜெர்மன்காரக் கிழவனும் கிழவியும். கிழவி தீவைச் சுத்தி நீந்துச்சு, கிழவன் பீர் குடிச்சான்."

இல்லை. பெண் யாரும் இல்லை. நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ இறங்கியது. இறங்கிய அதே வேகத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. ஜெபசீலன் படகின் முன்முனையில் குத்தவைத்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்ட பயம் முகத்தில் இருந்தது. ஆனாலும் படகு எழும்பும்போது அவன் உடம்பு தானாக எழும்பியது, இறங்கும்போது இறங்கியது. வீட்டில் நாற்காலியில் உட்காரும்போதுகூட அவன் இவ்வளவு சுகமாக உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. நான்கு வருடம் ஒரே பாயில் படுத்தவனை இப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது. அவளோடு இருந்தவன் யார் அப்படியென்றால்?

கரைக்கு எதிரே இருந்த சின்னத் தீவுக்கு அருகே நங்கூரம் போட்டு ஒரு மணிநேரம் நின்றார்கள். ஜலஜா மட்டும் ஆமை பார்த்தாள், சிப்ஸ் தின்றாள், யாரையும் பார்க்காமல் இருப்பதற்காக நிறையப் பேசினாள். கிளம்பும்போது நங்கூரம் வரவில்லை. சதக்கத்துல்லா முன்னும் பின்னும் படகை ஓட்டிப் பார்த்தார். கயிறு விறைத்தது, அசையவில்லை.

"எவனோ மீன் புடிக்க விட்டுட்டுப் போன கம்பிக்கூண்டு அடியில கெடக்கும். அதுல மாட்டிக்கிச்சு. கயிறை அறுத்துறவா?"

"வேண்டாம். நான் பார்க்கேன்" என்றான் ஜெபசீலன். சட்டையைக் கழற்றினான். அவளை ஒரு தடவை பார்த்தான். கேட்கிற பார்வையா, சொல்கிற பார்வையா என்று அவள் தீர்மானிப்பதற்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன. பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் ஒன்றுமே நடக்காததுபோல் பச்சையாகப் பளபளத்தது. எனக்குக் காட்டத்தான் இறங்கியிருக்கிறான் என்று அவள் நினைத்தாள். வேண்டுமென்றே அடியில் இருக்கிறான். கயிறு துடித்தது. நின்றது. சதக்கத்துல்லா பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். அவர் பேச்சை நிறுத்தியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சீலா!" என்று கத்தினாள். "சீலா! ஏறி வாங்க! அம்மாவாணை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், ஏறி வாங்க!"

சதக்கத்துல்லா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு ஜலஜாவைப் பார்த்தார்.

"பேய்னு சொன்னீருல்லா, இதுதான்" என்றாள் ஜலஜா.

"யா அல்லா" என்று அவர் நெற்றியில் அறைந்துகொண்டார்.

படகின் மறுபக்கம் தலை மேலே வந்தது. மூச்சிரைத்தபடி, "இழுங்க பாய், நங்கூரம் கழண்டுட்டு" என்றான். மேலே ஏறியபோது அவன் வலது உள்ளங்கைத் தோல் துருக்கம்பியில் கிழிந்து தொங்கியது. சுகிர்தராணி துப்பட்டாவை உருவி, மடித்து, காயத்தில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்தினாள். கை அதன் வேலையைச் செய்தது. முகம் செய்யவில்லை.

திரும்புகிற வழியில் அவர்கள் இருவரும் முனையில் உட்கார்ந்திருந்தார்கள். சதக்கத்துல்லாவும் ஜலஜாவும் பின்பக்கம் சக்கரத்தருகே நின்று வேண்டுமென்றே கடலைப் பார்த்தார்கள்.

"எப்பமிருந்து?"

"போன நோம்புக்குப் பெறவு."

"எவளோ ஒருத்தின்னு நெனச்சுல்லா வந்தேன்."

"இருந்தா என்ன செய்திருப்ப?" என்றான்.

"முடியப் புடிச்சு இழுத்துப் போட்டிருப்பேன்." அவள் தண்ணீரைப் பார்த்தாள். "இதுல எதப் புடிச்சு இழுக்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "கூரைக்குள்ள கிடக்கும்போ மூச்சு முட்டுது சுகிர்தா. இங்க வந்தா ஒரு வாரத்துக்குப் போதும்னு இருக்கு. ஆழத்துக்குப் போறதில்ல. கப்பல் நிக்க பக்கம் போகவே மாட்டேன். சத்தியமா."

"சத்தியமாவா?"

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"விட்டுருகேன்" என்றான். "இனி வரல்ல. நம்புவியா?"

ஓவர்டைம் என்று சொன்னதும் இதே வாய்தான். அவள் அவனுடைய கண்ணைப் பார்த்தாள். நோயாளிகள் வலிக்கவில்லை என்று சொல்லும்போது பார்ப்பதுபோலப் பார்த்தாள். விட்டுவிடுவான் என்று ஒரு கணம் தோன்றியது. விட்டுவிட்டால் இவன் அந்த அறையில், அந்த நாற்காலியில், எப்படி உட்கார்ந்திருப்பான் என்றும் தோன்றியது. எதற்கு அதிகம் பயப்படுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ரத்தம் ஊறுவது நிற்கவில்லை.

படகுத்துறை நெருங்கியது. என்ஜின் சத்தம் குறைந்தது. சுவர் மேலே நின்ற ஒரு பாகிஸ்தான் பட்டாணிக் கிழவர் கயிறு கேட்டு இரண்டு கையையும் நீட்டி, "ரஸ்ஸி! ரஸ்ஸி ஃபேங்கோ! யல்லா!" என்று கத்தினார். கட்டுகிற கயிறு சுருட்டியபடி சுகிர்தராணியின் காலடியில், ஈரமாகக் கிடந்தது. ஜெபசீலன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் அவனுடைய காயம்பட்ட கையை விடவில்லை. அவன் இடது கையால் குனிந்து எட்டினான், எட்டவில்லை. பிறகு அவனும் முயற்சி செய்யாமல் அவளைப் பார்த்தான். அவள் கயிற்றைப் பார்த்தாள். அதை எறிய வேண்டுமென்றால் அவன் கையை விட வேண்டும்.

"தங்கச்சி, யாராச்சும் ஒருத்தர் கயிறை எறிங்கம்மா!" என்று சதக்கத்துல்லா பின்னாலிருந்து கெஞ்சினார்.

படகு சுவரில் மெதுவாக இடித்தது, டயரில் பட்டு எம்பியது, பின்வாங்கியது. சுவருக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழம் பச்சைத் தண்ணீர் திறந்தது, இரண்டு முழம் ஆனது, கிழவரின் நீட்டிய கைகளுக்குக் கீழே அகன்றுகொண்டே போனது.