ஆந்தையின் மகன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவன் க்ரெசென்சியோ சமையலறை மேசையில் உட்கார்ந்து, முகமூடியின் கண்ணோரம் பிரிந்திருந்த தையலை மறுபடி போட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் குஸ்தி மேடையில் அவனுக்கும் கருந்தேள் என்கிற மல்லனுக்கும் முகமூடிப் பந்தயம். தோற்றவன் மேடையிலேயே முகத்தைக் காட்டி, பெயர், ஊர், எத்தனை வருஷமாக ஆடுகிறான் என்பதை மைக்கில் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு அந்த முகமூடியை அவன் ஆயுசுக்கும் போட முடியாது. யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வீர்களாமே என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் காபி கிடையாது.

சாம்பல் ஆந்தை என்றால் எங்கள் தொர்ரெயோன் நகரத்தில் இன்றைக்கும் கிழவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அது என் அப்பா பால்தொமேரோ. முகமூடியை ஒருவனிடமும் பறிகொடுக்காமலே ஓய்வு பெற்றவர். இப்போதும் அரங்கத்துக்கு வந்தால் முகமூடியோடுதான் வருவார். சுவரொட்டிகளில் 'ஆந்தையின் மகன்' என்று போடுகிறார்களே, அது என் புருஷன். அவருக்கு மருமகன். அப்பாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது, நான் ஒருத்திதான். சின்ன வயசிலிருந்தே கொல்லையில் பழைய மெத்தையை விரித்து எல்லாப் பிடிகளையும் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் க்ரெசென்சியோவை எத்தனையோ தடவை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறேன். ஆனால் தன் மேடைப் பெயரைக் கொடுக்கிற நேரம் வந்தபோது, "ஆந்தையின் மகள்னு போட்டா எவன் டிக்கெட் வாங்குவான்?" என்றுவிட்டார். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எங்கள் தெருவுக்கு இதெல்லாம் தெரியும். தெரு வாயைத் திறக்காது.

"தோத்துட்டா என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கில்ல, மாப்பிள்ள?" என்றார் அப்பா, பீன்ஸைக் கிளறியபடி. "பேரு, ஊரு, வருஷம். அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம்."

க்ரெசென்சியோவின் அம்மா நிக்கானோரா அப்போதுதான் துணியில் சுற்றிய சோள ரொட்டிகளோடு உள்ளே வந்திருந்தாள்.

"அவங்க அப்பா பேரையும் சொல்லட்டுமே, சம்பந்தி."

"அது எதுக்கு?"

"எதுக்கா? பதினெட்டு வருஷமா என் புள்ளைய உங்க புள்ளன்னு ஊரே கத்துது. கேக்கறவன் என்னைப் பத்தி என்ன நெனைப்பான்? உங்ககூட நான் குடும்பம் நடத்துனேன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை.

"சிரிக்காதடி," என்றாள் அத்தை. ரொட்டியை மேசையில் வைத்தாள். "செங்கல் சூளைல மாரடிச்சே செத்தாரு என் ஏவுசேபியோ. அவரு பேரு ஒரு சுவத்துலயும் வந்ததில்ல. ஒரே ஒரு தடவ அந்த மைக்குல வரட்டும். இனிமே அதுக்கு வேற நாள் கெடைக்குமா?"

"அப்போ என் மானம்? இத்தன வருஷமா ஜனங்கள ஏமாத்தியிருக்கேன்னு மூஞ்சில துப்புவாங்க."

"உங்க மூஞ்சி எங்க வெளிய தெரியப்போவுது, சம்பந்தி?"

க்ரெசென்சியோ நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். ரெண்டு பேரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்குப் பிழைப்பைக் கொடுத்தவர் ஒரு பக்கம், உயிரைக் கொடுத்தவரின் பெயர் இன்னொரு பக்கம். பாவமாக இருந்தது. தோற்காமல் இருந்தால் இந்த வம்பே இல்லை என்று மனசுக்குள் குவாதலூப்பே மாதாவை வேண்டிக்கொண்டேன்.

அரங்கத்து வாசலில், வேனுக்குள்ளேயே அப்பாவுக்கு முகமூடியை மாட்டி, பின்னங்கழுத்தில் கயிற்றை இழுத்து இரட்டை முடிச்சு போட்டேன். அது எப்போதும் என் வேலை. அப்புறம் அவர் முன்வரிசையில் உட்காருவார். நானும் அத்தையும் ரெண்டு வரிசை தள்ளி, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உட்காருவோம். என் மூக்கைப் பார்த்து அவர் முகத்தை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா.

முதல் சுற்று எங்களுடையது. இரண்டாவதைக் கருந்தேள் எடுத்துக்கொண்டான். மூன்றாவதில் க்ரெசென்சியோ மேடையோரக் கயிற்றின் மேலேறிப் பாய்ந்தான். கருந்தேள் விலகிவிட்டான். வெறும் பலகையில் போய் விழுந்தான். அதற்கப்புறம் கால் பிடி. "இடது கைய ஊனுடா, இடது கைய!" என்று நான் கத்தியது அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்கும்? அவன் தரையைத் தட்டினான். தோற்றுப்போனான்.

கருந்தேள் முடிச்சை அவிழ்த்தான். முகமூடி கழன்று வந்துவிட்டது. வார நாளில் கூரை கூரையாக ஏறி ஏர்கூலர் ரிப்பேர் பார்த்துக் கறுத்த முகம். தினமும் பார்க்கிற முகம்தான், அங்கே பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு ஆள் தேம்பி அழுதான்.

"க்ரெசென்சியோ லெர்மா," என்றான் மைக்கில். "மத்தாமோரோஸ் ஊரு. பதினெட்டு வருஷம்."

அப்பாவின் தோள் தளர்ந்து இறங்கியது. ஆனால் க்ரெசென்சியோ மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கூட்டத்தில் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"செங்கல் சூளை ஏவுசேபியோ லெர்மாவோட மகன். எங்க அப்பா செத்துப்போயி ரொம்ப நாளாச்சு." பிறகு முன்வரிசையைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க, மாமா," என்றான்.

அத்தை என் கையைப் பிடித்து நெரித்தாள். சந்தோஷமா பயமா, எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்துக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேல் வரிசையிலிருந்து ஒருத்தன் ஆரம்பித்தான். "அப்போ ஆந்தைக்குப் புள்ளையே கெடையாதா? இத்தன நாளா எங்க காதுல பூ சுத்துனியா, கெழவா?" எல்லோரும் ஊளையிட்டார்கள். பீர் கோப்பை ஒன்று பறந்து வந்து அப்பாவின் தோளில் பட்டுத் தெறித்தது.

அப்பா எழுந்தார். ஒப்பனை அறைப் பக்கம் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் திரும்பி, வரிசைகளைத் துழாவிப் பார்த்தார்.

"லாலா!"

அரங்கத்துக்குள் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

"முடிச்ச அவுறு."

"அப்பா, உங்கள யாரும் ஜெயிக்கலியே."

"எனக்குப் புள்ள இருக்கான்னு கேக்கறாங்கல்ல? நம்ம ரெண்டு பேரு மூக்கையும் பாக்கட்டும். அவுறுடி."

ஊளை மெல்ல அடங்கிவந்தது. மேடையில் க்ரெசென்சியோ மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றான். கயிறு வியர்வையிலும் பீரிலும் நனைந்து இறுகிப்போயிருந்தது. நான் போட்ட முடிச்சு எனக்கே பிடி கொடுக்கவில்லை, நகம் வழுக்கியது. குனிந்தேன். அப்பாவின் பின்னங்கழுத்தில் முகத்தைப் பதித்து, முடிச்சைப் பல்லால் கடித்தேன்.