காலித் துப்பாக்கி

பெர்ல் மாகார்டுக்குத் தொழில் பிணங்களுக்குப் பவுடர் பூசுவது. ஆனால் மூன்று தேர்தலில் தொடர்ந்து ஜெயித்து, அமெரிக்காவின் கென்டக்கி மலை மாவட்டம் ஒன்றுக்கு மரண விசாரணை அதிகாரியாகவும் ஆகிவிட்டார். எனவே டெல்ஃபியாவின் சமையலறைக்குள் தலைமை நீதிபதி மாதிரி நுழைந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

முந்தாநாள் காலை இதே மேஜையில்தான் அவள் புருஷன் வெர்னான் கைத்துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக் குழம்பைக் கிளறியபோது வெடித்தது. வீட்டில் வேறு யாருமில்லை. அதுதான் இப்போது வினை.

கொழுந்தன் டாய்ல் கதவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். நேற்றுவரை அண்ணி, இன்று 'அவ'.

"எங்கண்ணன் எட்டு வயசுல துப்பாக்கி பிடிச்சவன். அவனுக்கா துடைக்கத் தெரியாது? அவளக் கேளுங்க."

மாகார்டின் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் 'விபத்து' விழுந்தால் டெல்ஃபியா புருஷனை நிம்மதியாகப் புதைப்பாள். 'பிறர் கையால்' என்று விழுந்தால் ஷெரிஃபின் போலீஸ் வண்டி வாசலுக்கு வரும். மாகார்ட் இரண்டாவதை எழுதப் போகிறவர் மாதிரி பேனாவை ஆட்டிக்கொண்டே பாடம் நடத்தினார். தோட்டாக் கூடு தனியாக மேஜைமேல் கிடந்ததாம். அப்படியானால் துப்பாக்கி காலியாம். காலித் துப்பாக்கி வெடிக்காதாம்.

கூட்டை உருவினாலும் குழலுக்குள் ஒரு தோட்டா நிற்குமே, இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்றாள் டெல்ஃபியா.

"ஏம்மா, நீ எனக்குத் துப்பாக்கி சொல்லித்தர்றியா?"

இடுப்பிலிருந்து தன்னுடையதை எடுத்தார். கூட்டை உருவி மேஜையில் வைத்தார். "பாத்துக்க. காலி." சுவரைப் பார்த்து விசையை அமுக்கினார்.

காது அடைத்தது. சுவரில் மாகார்ட் ஈமச்சடங்கு நிலையத்தின் இலவசக் காலண்டர் தொங்கியது. 'உங்கள் துயரத்தில் நாங்கள்' என்று புன்னகைத்த அவர் படத்தில் மீசைக்கு நடுவே ஒரு ஓட்டை. டாய்லின் பல்குச்சி தரையில் கிடந்தது.

டெல்ஃபியா சிரிக்கவில்லை. உருண்டு போன பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் இங்கதான நின்னேன், மாகார்ட்? உங்க விரல அமுக்குனது யாரு?"

அவர் படிவத்தை இழுத்துக்கொண்டார். எழுதினார். விபத்து. எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று.

"இப்பத் தொப்பியக் கழட்டுங்க," என்றாள். "இது சாவு வீடு."