சோலையின் பிடி அரிசி

"என்ன வேதமணி, இந்த மாசம் அரிசி இம்புட்டுதானா? விசுவாசம் குறையுதோ?"

வேதக்கோவில் வாசலில் உபதேசியார் ஜேசுதாசன் கலயத்தைக் கவிழ்த்தபடி சிரித்தார். உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது அந்தச் சபைப் பெண்களின் வழக்கம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார். முதல் பெயர் எப்போதும் வேதமணிதான்.

"விசுவாசம் இல்ல ஐயா, கை குறைஞ்சிட்டு. விடியமுன்ன தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்துரும், நான் வேலைக்குப் போயிருவேன். உலை வச்சதும் பிடி எடுத்ததும் எங்க வீட்டு அவியதான். மம்பட்டி பிடிச்ச கை, பெரிய பிடி."

உபதேசியாரின் சிரிப்பு நின்றது. இந்த மாதப் பாதியில் காய்ச்சலில் செத்துப்போன அவள் புருஷன் சோலைக்குச் சுடலைமாடனும் இல்லை, கர்த்தரும் இல்லை. ஊரறிந்த சங்கதி.

"நாளைக்கு இறந்தவங்களுக்கான ஜெபத்துல அவிய பேரையும் சொல்லணும் ஐயா."

"விசுவாசியாதவனுக்கு நித்திய அக்கினின்னுல்லா வேதத்துல இருக்கு!" குரலைத் தாழ்த்தினார். "கடைசி மூச்சுல 'இயேசுவே'ன்னான்னு ஒரு வார்த்தை சொல்லு. சேத்துக்கிடுதேன்."

வேதமணி முந்தானையை விரலில் சுற்றினாள். ஒரே ஒரு வார்த்தை.

"வெந்நிதான் கேட்டாவ. பொய் சொல்லாத மனுஷன் பேருல நான் எப்படிப் பொய் சொல்ல?" அவள் விரலை நீட்டிக் காட்டினாள். "ஒரு குச்சி உரசி விரல்ல பட்டாலே, பகையாளிக்கும் இது வேண்டாம்னு இருக்கு. அரிசிய வாங்கிக்கிட்ட சாமி, அத எடுத்து வச்ச கைய காலத்துக்கும் நெருப்புல வைக்குமா? வச்சா, நான் மட்டும் பரலோகத்துல உக்காந்து என்ன பாட்டுப் பாட?"

ஜேசுதாசன் அரிசியை அளந்தார். ஒரு படி.

"கலயத்து அடியில கெடந்தது அவிய எடுத்தது. கவுத்ததும் மேல வந்திருக்கு பாருங்க. இந்த மாசம் எல்லாத்தையும் அவிய பேருலயே வாசிங்க. காணிக்கைக்கு விசுவாசம் கேக்க மாட்டீயள்லா?"

மறுநாள் ஜெபத்தில் சோலையின் பெயர் வரவில்லை. கடைசிப் பாயில் வேதமணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காணிக்கை வாசிக்கும் நேரம் வந்தது. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருமினார்.

"சோலை, ஒரு படி."

"ஏட்டி, அவன் எப்பம் ஞானஸ்நானம் எடுத்தான்?" என்று முன்னால் ஒருத்தி கிசுகிசுத்தாள்.

வேதமணி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். இதைக் கேட்டால் சோலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். சொல்லத்தான் ஆளில்லை. உலை கொதித்தது. ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.